ஆர் மொழியில நம்பர்களை ஒழுங்கா காட்டுறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்ங்கிறது புள்ளிவிவரக் கணக்குக்கான ஒரு கணினி மொழி. அதுல கணக்கு போடுறது பெரிய கஷ்டமே இல்ல, சராசரி எடுக்கணுமா, ரெக்ரஷன் ஓட்டணுமா, ஒரு வரி போதும். ஆனா வந்த விடையை இன்னொருத்தர் படிக்கிற மாதிரி ஒரு டேபிள்ல வைக்கிறதுக்குள்ள பாதி நாள் போயிடுது. ஒரு இடத்துல ஏழு இலக்கம், ஒரு இடத்துல ரெண்டு, இன்னொரு இடத்துல திடீர்னு இ+05. புதுசா கத்துக்கிறவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளையும், நானே மாட்டிக்கிட்டுக் கத்துக்கிட்டதையும் இங்க சேத்து வச்சிருக்கேன். ஃபங்க்ஷன் பேரெல்லாம் உச்சரிக்கிற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், கன்சோல்ல அடிக்கும்போது வழக்கமான எழுத்துல அடிச்சுக்கோங்க.

123456.789னு அடிச்சா 123456.8னு காட்டுது. மிச்ச டெசிமல் எங்க போச்சு?

எங்கயும் போகல, உள்ள அப்படியே பத்திரமா இருக்கு. முதல்ல மனசுல பதிய வேண்டியது இதுதான்: ஆர் கையில வச்சிருக்கிற நம்பர் வேற, ஸ்கிரீன்ல காட்டுற உருவம் வேற. பிரிண்ட் ஆகும்போது ஆப்ஷன்ஸ்ல இருக்கிற டிஜிட்ஸ்ங்கிற செட்டிங்கை பாக்கும், அதோட டீஃபால்ட் 7. இந்த 7 புள்ளிக்கு அப்புறம் வர்ற இலக்கம் இல்ல, மொத்தமா மதிப்புள்ள இலக்கங்கள். அதனாலதான் 10ஐ 3ஆல வகுத்தா 3.333333னு ஆறு டெசிமல் வருது, 123456.789க்கு ஒரே ஒரு டெசிமல் வருது, 1234567.891க்கு டெசிமலே இல்லாம 1234568னு வந்து நிக்குது. மூணுலயும் எண்ணிப் பாருங்க, ஏழு இலக்கம்தான்.

முழுசா பாக்கணும்னா பிரிண்ட்லயே டிஜிட்ஸ் 10னு குடுங்க. 22 வரைக்கும் ஏத்தலாம், ஆனா 15க்கு மேல வர்ற இலக்கங்களை நம்பி எதையும் எழுதாதீங்க, டபுள் நம்பரோட (ஆர் டெசிமல் நம்பரை வச்சுக்கிற வடிவம்) துல்லியம் கிட்டத்தட்ட அங்கயே முடிஞ்சிடுது.

டிஜிட்ஸ் 3னு குடுத்தும் 123.46னு அஞ்சு இலக்கம் வருதே, ஏன்?

ஏன்னா தனி நம்பரா இல்லாம ஒரு வெக்டரா, அதாவது பல நம்பர் சேந்த ஒரு வரிசையா பிரிண்ட் பண்றீங்க. 1.123456789, 123.456789 ரெண்டும் ஒரே வெக்டர்ல இருந்து டிஜிட்ஸ் 3 குடுத்தா 1.12, 123.46னு வரும். சின்ன நம்பருக்கு மூணு இலக்கம் காட்ட ரெண்டு டெசிமல் வேணும், அந்த ரெண்டு டெசிமலையே எல்லாருக்கும் போட்டுடுது, புள்ளி ஒரே நேர்ல நிக்கணும்னுதான் இந்த ஏற்பாடு. இது தெரியாம பலபேர் டிஜிட்ஸ் வேலை செய்யலன்னு முடிவு பண்ணிடுறாங்க. வேலை செய்யுது, ஆனா அது குறைஞ்சபட்ச தேவையைத்தான் சொல்லுது. எத்தனை டெசிமல்ங்கிறதை நீங்களே முடிவு பண்ணணும்னா டிஜிட்ஸை விட்டுட்டு கீழ சொல்ற ஸ்பிரின்ட்எஃப் பக்கம் வாங்க.

1இ+05னு வருதே, அது என்ன? எப்படி நிறுத்துறது?

1இ+05ன்னா 1 பெருக்கல் 10 அடுக்கு 5, அதாவது 100000. சயின்டிஃபிக் வடிவம்னு சொல்லுவாங்க. ஆர் இதுல அகலத்தை மட்டும்தான் பாக்குது. சாதாரணமா எழுதினா 100000க்கு ஆறு எழுத்து, 1இ+05க்கு அஞ்சு எழுத்து, எது சின்னதோ அதை எடுத்துக்குது. அதனாலதான் 100000 மட்டும் இப்படி மாறுது, 123456 மாறாது, ஏன்னா 1.23456இ+05 இன்னும் நீளம். 0.001 அப்படியே வரும், 0.0001 மட்டும் 1இ-04 ஆயிடும், அதே கணக்குதான்.

இந்த ஒப்பீட்டுல ஒரு பக்கம் சாய்க்கிறதுக்குத்தான் சைபென்ங்கிற ஆப்ஷன் இருக்கு. டீஃபால்ட் 0. அதை 5னு வச்சா, சாதாரண வடிவம் அஞ்சு எழுத்து வரைக்கும் நீளமா இருந்தாலும் பரவால்லன்னு அர்த்தம். நிறைய பேர் 999னு போட்டுட்டு நிம்மதியா இருப்பாங்க, கன்சோல்ல பாக்குறதுக்கு அது ஓகே. ஆனா ரொம்பச் சின்ன நம்பர்கள் இருந்தா புள்ளிக்கு அப்புறம் வரிசையா பூஜ்ஜியமா வந்து படிக்கவே முடியாம போகும். ஒரே ஒரு இடத்துல மட்டும் வேணும்னா ஃபார்மேட்ல சயின்டிஃபிக்கை ஃபால்ஸ்னு குடுக்கிறது நல்லது, மொத்த செஷனையும் மாத்த வேண்டியதில்ல.

இன்னொண்ணு, 1லட்சத்தை நம்பரா அடிக்காம இன்டிஜரா, அதாவது கடைசில எல் சேத்து அடிச்சா இந்தப் பிரச்சினையே வராது. இன்டிஜருக்கு சயின்டிஃபிக் வடிவம் கிடையாது.

இது வெறும் அழகு சமாச்சாரம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு கவலைப்படணும்?

இல்லைங்க, இது டேட்டாவையே கெடுக்கும், எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு வேலையில ரெண்டு ஃபைலை ஐடி வச்சு சேக்க வேண்டியிருந்தது. ஒரு ஃபைல்ல ஐடி டெக்ஸ்டா இருந்தது, இன்னொண்ணு எக்செல்ல இருந்து படிச்சது, அதுல ஐடி டபுளா வந்திருச்சு. நான் அதை ஆஸ்.கேரக்டர் போட்டு டெக்ஸ்டா மாத்தி ஜாயின் பண்ணிட்டேன். லட்சக்கணக்கான வரிசைல மூணே மூணு மட்டும் சேரல. எண்ணிக்கை ஒத்துப் போகலன்னு தேடித் தேடி ரெண்டு நாள் கழிச்சு பாத்தா, சேராத ஐடி 100000, 200000, 300000. அந்த மூணும் டெக்ஸ்டா மாறும்போது 1இ+05, 2இ+05, 3இ+05னு ஆயிருக்கு. மத்ததெல்லாம் சரியா இருந்ததால யாருக்கும் சந்தேகமே வரல. அந்த மூணு ஐடியும் மூணு மனுஷங்களோட ரெக்கார்டு, அவங்க இல்லாமலே ரிப்போர்ட் போயிருக்கும்னு நினைச்சா இப்பவும் மனசு பதறுது.

பேஸ்ட்டும் இதையேதான் பண்ணும், ஃபைல் பேர்ல நம்பரை ஒட்டும்போது கவனமா இருங்க. ரைட்.சிஎஸ்வி கூட டபுள் காலம்ல (டேபிளோட நெடுவரிசைல) இருக்கிற 100000ஐ 1இ+05னு எழுதி வச்சிடும். ஐடி, ஃபோன் நம்பர், கணக்கு எண் மாதிரி கூட்டவோ கழிக்கவோ போறதில்லாத எதையும் படிக்கும்போதே கேரக்டரா படிச்சிடுங்க. ரொம்ப நீளமான ஐடிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு, டபுள்ல முழு எண்கள் தவறாம இருக்கிறது 2 அடுக்கு 53 வரைக்கும், அதாவது 9007199254740992 வரைக்கும்தான், அதுக்கு மேல கடைசி இலக்கம் சத்தமில்லாம மாறும், அப்புறம் எந்த ஃபார்மேட்டிங்காலயும் மீட்க முடியாது.

ரெண்டு டெசிமல் வேணும். ரவுண்ட் போட்டேன், 3.1னு வருது, 3.10 வரல.

ரவுண்ட் நம்பரைத்தான் மாத்தும், உருவத்தை மாத்தாது. 3.1ம் 3.10ம் நம்பரா ஒண்ணுதான், கடைசி பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்ல, அதனால பிரிண்ட் அதைக் காட்டாது. பூஜ்ஜியம் வேணும்னா அது நம்பரா இருக்க முடியாது, டெக்ஸ்டா மாறியே ஆகணும்.

அதுக்கு மூணு வழி இருக்கு. எனக்குப் பிடிச்சது ஸ்பிரின்ட்எஃப், அதுல %.2எஃப்னு ஒரு அச்சு குடுத்தா எந்த நம்பர் வந்தாலும் ரெண்டு டெசிமலோட வரும். இது சி மொழியில இருந்து வந்த பழைய முறை, பைத்தான்லயும் வேற மொழிகள்லயும் கிட்டத்தட்ட இதே குறியீடுதான், ஒரு தடவை கத்துக்கிட்டா எங்க போனாலும் உதவும். முழு வெக்டரையே குடுத்தாலும் ஒவ்வொண்ணுக்கும் பண்ணிக் குடுக்கும், லூப் எழுத வேண்டாம்.

ரெண்டாவது ஃபார்மேட்சி. ஃபார்மேட்டை எஃப்னும் டிஜிட்ஸை 2னும் குடுத்தா அதே விடை, கூடவே பிக்.மார்க்ல காற்புள்ளி குடுத்தா 1,234,567.89னு பிரிச்சும் தரும். எஃப்பும் டிஜிட்ஸும் ரெண்டுமே குடுக்க மறந்தா மட்டும் அது தன்னிஷ்டத்துக்கு நாலு இலக்கமா சுருக்கி 123456ஐ 1.235இ+05னு குடுத்திடும், மறந்துடாதீங்க.

மூணாவது ஃபார்மேட்டும் அதோட என்ஸ்மாலும், இதுக்கு தனிக் கேள்வியே வருது.

என்ஸ்மால் 2னு குடுத்தேன், ஆனா 3.14159 அப்படியே வருது?

என்ஸ்மால்ங்கிறது குறைஞ்சது இத்தனை டெசிமல், சரியா இத்தனை இல்ல. 2.5ஐ 2.50 ஆக்கும், 3.14159ல ஏற்கனவே அஞ்சு டெசிமல் இருக்கறதால கை வைக்காது. முதல்ல ரவுண்ட் பண்ணி 2க்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் ஃபார்மேட்ல என்ஸ்மால் 2 குடுக்கணும், ரெண்டும் சேந்தாதான் வேலை ஆகும். இந்த ஜோடியை நிறைய கோட்ல பாப்பீங்க. ஆனா 100000 மாதிரி நம்பர் வந்தா இங்கயும் அந்த 1இ+05 வடிவம் வந்து குறுக்க நிக்கும், அதனாலதான் நான் ஸ்பிரின்ட்எஃப்லயே இருந்துடுறேன்.

ரவுண்ட்ல 2.5 போட்டா 2 வருது. ஆர்ல பிழையா?

பிழை இல்ல. சரி பாதில நிக்கிற நம்பரை பக்கத்துல இருக்கிற இரட்டை எண்ணுக்குக் கொண்டு போகுது. 0.5 போட்டா 0, 1.5 போட்டா 2, 2.5 போட்டாலும் 2. பாதி வந்தாலே மேல ஏத்திட்டே இருந்தா நிறைய நம்பரைக் கூட்டும்போது மொத்தம் மெல்ல மெல்ல மேல நகந்துடும், இரட்டைக்குக் கொண்டு போனா ஏத்தமும் இறக்கமும் ஒண்ணுக்கொண்ணு சரிக்கட்டிக்கும். கணினி எண்களுக்கான சர்வதேசத் தரமும் இதைத்தான் சொல்லுது.

டெசிமல்ல ரவுண்ட் பண்ணும்போது கூடுதலா ஒரு சிக்கல். ஸ்பிரின்ட்எஃப்ல 2.675ஐ ரெண்டு டெசிமலுக்குக் குடுத்தா 2.67னு வரும், 2.68 வராது. இங்க இரட்டை ஒற்றை விதியே வரல, 2.675ங்கிற நம்பரை பைனரில துல்லியமா வைக்கவே முடியாது, உள்ள இருக்கிறது 2.67499999...ன்னு கொஞ்சம் குறைஞ்ச ஒண்ணு, அதனால கீழதான் போகும்.

பள்ளில சொல்லிக் குடுத்த மாதிரி பாதின்னா மேலதான் போகணும்னு உங்க ரிப்போர்ட்டோட விதி இருந்தா, ஜானிட்டர் பேக்கேஜ்ல (தனியா இன்ஸ்டால் பண்ற ஃபங்க்ஷன் தொகுப்பு) ரவுண்ட்_ஹாஃப்_அப்னு ஒரு ஃபங்க்ஷன் இருக்கு, அதை எடுத்துக்கோங்க. நீங்களே 100ஆல பெருக்கி 0.5 கூட்டி ஃப்ளோர் (கீழ இருக்கிற முழு எண்) எடுக்கலாம்னு தோணும், ஆனா 1.005ஐ 100ஆல பெருக்கினா 100.5 வராம 100.49999999999999 வரும், அந்த வழி அங்கயே வழுக்கிடும்.

0.1ம் 0.2ம் கூட்டினா 0.3ன்னுதான் காட்டுது, ஆனா 0.3க்கு சமமான்னு கேட்டா ஃபால்ஸ்ங்குது.

மேல சொன்ன அதே காரணம்தான். பிரிண்ட்ல டிஜிட்ஸ் 17 குடுத்துப் பாருங்க, 0.30000000000000004னு தெரியும். ஏழு இலக்கத்துக்குள்ள அது மறைஞ்சு கிடக்கு. ஒப்பிடணும்னா ஆல்.ஈக்வல் போட்டு, அதை இஸ்ட்ரூக்குள்ள வச்சு எழுதுங்க. விடைல பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்துல 1இ-17 மாதிரி தூசி ஒட்டிக்கிட்டு வெக்டர் முழுக்க சயின்டிஃபிக்கா மாறினா ஜாப்ஸ்மால்னு ஒரு ஃபங்க்ஷன் இருக்கு, அந்தத் தூசியைத் தட்டி 0 ஆக்கிடும். மேட்ரிக்ஸ் வேலை பண்றவங்களுக்கு ரொம்ப உதவியான ஒண்ணு, அதிகம் பேருக்குத் தெரியாது.

ஒரே ஒரு சின்ன நம்பரால மொத்த வெக்டரும் இ வடிவத்துக்குப் போயிடுச்சு, என்ன பண்ண?

ஆமா, 0.00001ம் 123456ம் ஒரே வெக்டர்ல இருந்தா ரெண்டுமே மாறிடும். பொது வடிவம் ஒண்ணைத்தான் எடுக்கும். அளவுல இவ்வளவு வித்தியாசம் இருக்கிற நம்பர்களை ஒரே வெக்டர்ல வச்சுக் காட்டுறதே சரியான்னு முதல்ல யோசிங்க, பெரும்பாலும் அது தனித்தனி காலமா இருக்க வேண்டியது. டேட்டா ஃபிரேம்ல, அதாவது ஆரோட டேபிள்ல, ஒவ்வொரு காலமும் தனியாதான் வடிவம் எடுக்கும், அதனால பிரச்சினை தானாவே தீந்துடும்.

ஃபார்மேட் பண்ணதுக்கு அப்புறம் கூட்டவே முடியல, வரிசைப்படுத்தினாலும் தப்பா வருது.

அது இப்ப நம்பர் இல்ல, டெக்ஸ்ட். 9, 10, 100 மூணையும் டெக்ஸ்டா வரிசைப்படுத்தினா 10, 100, 9னு வரும், எழுத்து எழுத்தாதானே பாக்கும். காற்புள்ளி போட்டதை திரும்ப நம்பராக்க முயற்சி பண்ணா என்ஏ (மதிப்பு இல்லைங்கிற குறி) வரும். தயவு செஞ்சு மூல காலத்தையே மாத்தி எழுதாதீங்க. கணக்கு, ஃபில்டர், வரிசைப்படுத்துறது, ஜாயின் எல்லாம் முடிஞ்சு, டேபிள் வெளிய போற கடைசி வரியில மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க. நடுவுல ரவுண்ட் பண்றதும் அதே தப்புதான், ரவுண்ட் பண்ணதை வச்சு மறுபடி வித்தியாசம் எடுத்து, அதை மறுபடி ரவுண்ட் பண்ணா கடைசி இலக்கம் எங்கயோ போய் நிக்கும். அடுத்தவங்களுக்கு சிஎஸ்வி அனுப்பும்போதும் முழு நம்பராவே அனுப்புங்க, அவங்களுக்கு எத்தனை டெசிமல் வேணும்னு அவங்க பாத்துக்கட்டும்.

காலம் நேரா நிக்க மாட்டேங்குது.

ஸ்பிரின்ட்எஃப்ல அகலமும் சேத்து %8.2எஃப்னு குடுங்க, எட்டு எழுத்து இடத்துல வலது பக்கமா ஒட்டி நிக்கும். பேர் மாதிரி டெக்ஸ்டுக்கு %-10எஸ், மைனஸ் போட்டா இடது பக்கம். முன்னாடி பூஜ்ஜியம் நிரப்பணும்னா %03டி, 5ங்கிறது 005 ஆகும், ஃபைல் பேர் வரிசையா வர்றதுக்கு இது ரொம்ப முக்கியம். %டிக்கு முழு எண்தான் குடுக்கணும், 3.5 குடுத்தா எரர். சதவீதக் குறியே வேணும்னா ரெண்டு தடவை %% போடணும். எழுத்துரு மட்டும் எல்லா எழுத்தும் ஒரே அகலம் இருக்கிறதா இருக்கணும், இல்லன்னா என்ன பண்ணாலும் கோணலாதான் தெரியும்.

இதுக்கு நேர் எதிரா, சில சமயம் வேண்டாத ஸ்பேஸ் வந்து தொல்லை பண்ணும். ஃபார்மேட்ல 1, 10, 100 குடுத்தா எல்லாத்தையும் ஒரே அகலமாக்க 1க்கு முன்னாடி ரெண்டு ஸ்பேஸ் விடும், அதை ஒரு வாக்கியத்துக்குள்ள ஒட்டினா அசிங்கமா தெரியும். ட்ரிம் ட்ரூன்னு குடுத்துடுங்க.

-0.00ன்னு வருது, மைனஸ் பூஜ்ஜியமா?

-0.001ஐ ரெண்டு டெசிமலுக்குக் கொண்டுவந்தா ஸ்பிரின்ட்எஃப் -0.00னு குடுக்கும். படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. முதல்ல ரவுண்ட் பண்ணி, அதோட 0 கூட்டி, அப்புறம் ஸ்பிரின்ட்எஃப்க்குக் குடுங்க. அந்த 0 கூட்டுறதை விட்டுட்டா மைனஸ் ஒட்டிக்கிட்டே வரும், ஏன்னா ரவுண்ட் பண்ணாலும் உள்ள மைனஸ் பூஜ்ஜியமாவே இருக்கும்.

பி-வேல்யூ 0.000னு போடலாமா?

போடாதீங்க. பி-வேல்யூ (புள்ளிவிவரச் சோதனைல வர்ற ஒரு நிகழ்தகவு) பூஜ்ஜியமாகாது, சின்னதா இருக்கு, அவ்வளவுதான். ஃபார்மேட்.பிவேல்னு இதுக்குன்னே ஒரு ஃபங்க்ஷன் ஆர்லயே இருக்கு, அதுல எப்ஸ்ங்கிற இடத்துல 0.001 குடுத்தா அதுக்குக் கீழ இருக்கிற எல்லாம் <0.001னு வரும். ரெக்ரஷன் சம்மரில <2இ-16னு பாத்திருப்பீங்க, அதுவும் இதே வேலைதான், 2.2இ-16ங்கிறது டபுள் எண்ணோட துல்லிய எல்லை, அதுக்குக் கீழ சொல்றதுல அர்த்தமில்லன்னு அங்கயே நிறுத்திக்குது.

டிபிள்ல 1235.னு கடைசில வெறும் புள்ளி மட்டும் வருதே?

டிபிள் (டேட்டா ஃபிரேமோட இன்னொரு வகை) டீஃபால்ட்டா மூணு இலக்கம்தான் காட்டும், முழு எண் பகுதியை மட்டும் வெட்டாது. அந்தப் புள்ளி, இதுக்கு அப்புறமும் டெசிமல் இருக்குன்னு ஒரு அடையாளம். பில்லர்.சிக்ஃபிக்னு ஆப்ஷன்ஸ்ல ஏத்திக்கலாம்.

ரிப்போர்ட்லயும் கிராஃப்லயும் வைக்க என்ன பயன்படுத்தலாம்?

டேபிளுக்கு நிட்டர் பேக்கேஜ்ல இருக்கிற கேபிள்ங்கிற ஃபங்க்ஷன் போதும், டிஜிட்ஸுக்கு ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்கலாம். கிராஃப் அச்சுல 1இ+05னு வந்தா ஸ்கேல்ஸ் பேக்கேஜ்ல லேபிள்_காமா, சதவீதத்துக்கு லேபிள்_பர்சன்ட், இது ரெண்டும் டேட்டாவைத் தொடாம லேபிளை மட்டும் மாத்தும், அதனாலயே எனக்கு நம்பிக்கை.

சதவீதம் எல்லாம் கூட்டினா 99.9 வருது, ஒண்ணை மட்டும் மாத்தி 100 ஆக்கிடலாமா?

வேண்டாம். மூணு சம பங்குன்னா ஒவ்வொண்ணும் 33.3, கூட்டினா 99.9தான். ஒண்ணை 33.4 ஆக்கினா அந்தக் குழு மட்டும் பெருசுன்னு பொய் சொன்ன மாதிரி ஆயிடும். மொத்தத்தை ரவுண்ட் பண்ணாத நம்பர்ல இருந்து கணக்கு பண்ணி 100னே போட்டுட்டு, ரவுண்டிங் காரணமா கூட்டுத்தொகை ஒத்துப் போகாம இருக்கலாம்னு டேபிளுக்குக் கீழ ஒரு வரி எழுதிடுங்க.

கடைசியா, எத்தனை டெசிமல்தான் போடணும்?

இதுக்கு ஃபங்க்ஷன் கிடையாது, அளந்த கருவியைத்தான் கேக்கணும். வயசு முழு வருஷத்துல எழுதியிருந்தா சராசரிக்கு ஒண்ணு ரெண்டு டெசிமல் போதும், 34.2716னு போட்டா நாம அளக்காத ஒண்ணை அளந்த மாதிரி காட்டுறோம். நான் பண்றது என்னன்னா, ஸ்டாண்டர்ட் எரரை (சராசரி எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்னு காட்டுற அளவு) சிக்னிஃப் போட்டு ரெண்டு மதிப்புள்ள இலக்கத்துக்குக் கொண்டு வருவேன், அது எந்த டெசிமல்ல முடியுதோ சராசரியையும் அங்கயே நிறுத்திடுவேன். எரர் 0.43ன்னா சராசரி 34.27. எரர் 4.3ன்னா சராசரி 34.3, அதுக்கு மேல ஒரு இலக்கம் கூட எழுதமாட்டேன்.